கேட்பதைக் காட்டுவது எப்படி? ஒலிக்கு அசைவு வரைகலை அமைக்கத் தொடங்குவோருக்கு

ஒரு பாட்டு ஓட, அதற்கேற்பத் திரையில் வண்ணக் கம்பிகள் எழும்பித் தாழ்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படியொன்றை உருவாக்க இன்று அரை மணி நேரம் போதும். ஒலிக் கோப்பை மென்பொருளில் ஏற்றி, ஆயத்தமாக உள்ள விளைவு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கம்பிகள் தாமாகவே ஆடத் தொடங்கிவிடும். ஆனால், ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் கம்பிகளை மட்டும் பார்த்தால், அங்கே ஓடுவது மிருதங்கமா, மேடைப் பேச்சா, மழைச் சத்தமா என்று பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. ஒலியின் அளவைக் காட்டுவது வேறு, ஒலியைக் காட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்வதற்கு, கணினி அளந்து தருவனவற்றோடு நம் காது அறிந்தவற்றையும் சேர்த்து வரையவேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ இருபது விநாடி நீளமுள்ள ஒரு மிருதங்க வாசிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே வாத்தியமாக இருந்தும் அதில் தடித்த ஒலியும் கூர்மையான ஒலியும் தனித்தனியே கேட்கின்றன. ஒவ்வொரு சொல்லும், அதாவது பெயரிட்டு வழங்கும் ஒவ்வோர் அடியும், தெளிவாகத் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பயில்பவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஒலியை ஆராய ஆடாசிட்டியையும் படத்தை உருவாக்கப் பிளெண்டரையும் பயன்படுத்தலாம். இரண்டுமே இலவசமாகக் கிடைப்பவை. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு வழிமுறை மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

ஒலியைப் பெறுதல்

முதன்முறையாகச் செய்பவர்கள் பல வாத்தியங்கள் கலந்த இசையைத் தொடவேண்டாம். தெரிந்த கலைஞர் ஒருவரிடம் அனுமதி பெற்று, அமைதியான அறையில் நீங்களே பதிவு செய்யுங்கள். விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவெடுப்புகள்) என்ற அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. காணொளிகளில் வழக்கமாகக் கையாளப்படும் அளவு அதுதான். எம்பி3 கோப்பைத் தவிர்க்கச் சொல்வது தரத்துக்காக மட்டுமன்று. அந்த வடிவத்தில் சுருக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் மிகச் சிறிய வெற்றிடம் ஒன்று சேர்ந்துவிடுவதுண்டு. பின்னால் படத்தை ஒலியோடு கட்டம் கட்டமாகப் பொருத்தும்போது அது தொல்லை தரும்.

கணினிக்கு முன்னால் காகிதம்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பதிவைக் குறைந்தது பத்து முறை கேளுங்கள். முதல் சில முறை கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் அட்சரத்துக்கும், அதாவது தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும், நேரே கேட்கும் சொற்களை எழுதுங்கள். தொம் எங்கே வருகிறது, நம் எங்கே வருகிறது, சாப்பு எங்கே விழுகிறது, எங்கே கை நின்று கார்வை என்னும் இடைவெளி விடப்படுகிறது, எந்தச் சொற்கட்டு மும்முறை வந்து, தீர்மானம் என்னும் முடிப்பாகி, சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், இறங்குகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சொற்கட்டு அறியாதவர்கள் வாசித்தவரையே கேட்டு எழுதலாம். கலைஞர்கள் இதை மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். தங்கள் வாசிப்பை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்பதே அவர்களுக்கு நிறைவு தரும்.

காகிதத்தில் எழுதியதை எந்த மென்பொருளாலும் தரமுடியாது. ஒலியின் வீச்சு, அதாவது வலிமை, இந்தக் கணத்தில் எவ்வளவு என்று கணினி துல்லியமாகச் சொல்லும். இப்போது கேட்டது சற்றுமுன் கேட்டதன் மறுபதிப்பு என்பதோ, இன்னும் ஒரு முறை வந்தால் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு கேட்பவரிடம் எழுந்திருக்கிறது என்பதோ அந்த எண்ணில் இல்லை. தனி ஆவர்த்தனத்தைக் கேட்கும் ரசிகர் முன்னால் சாய்ந்து உட்காருவது ஒலி பெருகுவதால் அன்று, தீர்மானம் நெருங்குவதால்தான்.

அலைவடிவமும் ஸ்பெக்ட்ரோகிராமும்

அடுத்து, ஆடாசிட்டியில் கோப்பைத் திறக்கலாம். முதலில் தெரிவது அலைவடிவம்: இடமிருந்து வலமாகக் காலம், மேலும் கீழுமாக வீச்சு. அடிகள் எப்போது விழுந்தன, எவ்வளவு வேகமாகத் தணிந்தன என்பதை இது காட்டும். எந்த ஒலி இடப்பக்கத் தோலான தொப்பியிலிருந்து வந்தது, எது வலப்பக்கத் தோலான வலந்தலையிலிருந்து வந்தது என்பதைக் காட்டாது. அதற்கு, தடத்தின் பட்டியலில் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற காட்சிக்கு மாறுங்கள். இங்கே காலம் முன்போலவே கிடைமட்டத்தில் ஓட, செங்குத்தில் அதிர்வெண் அமைகிறது. ஓர் அதிர்வெண்ணில் ஆற்றல் மிகுந்திருந்தால் அந்த இடம் பளிச்சிடும்.

மிருதங்கத்தின் ஸ்பெக்ட்ரோகிராம் பார்க்கவே அழகானது. அடி விழும் கணம் மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். அதன்பின் நீடிக்கும் நாதம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைக்கோடுகளாக நீளும். செங்குத்து அளவை லீனியர் என்று மாற்றினால், அந்தக் கிடைக்கோடுகள் ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்பதைக் காணலாம். சாதாரணத் தோல் பறையில் அப்படி அமைவதில்லை. மிருதங்கத்தின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளை நெருங்கி அமைவதையும், வலந்தலையின் நடுவே பூசப்படும் கரணை என்ற கருநிறப் பூச்சின் எடைக்கு அதில் உள்ள பங்கையும் சி. வி. ராமன் 1920இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பிலும், 1934இல் எழுதிய விரிவான கட்டுரையிலும் விளக்கினார். வலந்தலையின் தோல்மீது நுண்மணலைத் தூவி, அது அதிராத கோடுகளில் போய்ச் சேர்வதை அவர் படமாகவும் பதிவு செய்தார். உலோகத் தகட்டில் மணல் தூவி, வில்லால் இழுத்து, ஒலியின் உருவங்களைக் காட்டிய ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கிளாட்னியின் நூல் 1787இல் வெளியானது. ஒலியைக் கண்ணுக்குக் காட்டும் வேலை கணினிக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது. மணல் உருவங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குக் கம்பி வரிசை மட்டுமே ஒரே வடிவமாகத் தோன்றாது.

ஸ்பெக்ட்ரோகிராமைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். கணினி ஒலியைச் சிறு துண்டுகளாக எடுத்துத்தான் அதிர்வெண்களைப் பிரிக்கிறது. 2,048 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு, 48,000 என்ற அளவில் ஏறத்தாழ 43 மில்லி விநாடி நீளம். அதில் அதிர்வெண்களை 23 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்தறியலாம். துண்டைச் சிறிதாக்கினால் அடி விழும் கணம் கூர்மையாகும், அதிர்வெண் மங்கும். பெரிதாக்கினால் இது தலைகீழாகும். இரண்டையும் ஒருசேரக் கூர்மையாக்க வழியில்லை. ஆகவே அடிகளைத் தேடும்போது சிறிய துண்டையும், தொப்பியின் ஒலி எந்த அதிர்வெண்வரை நிற்கிறது என்று தேடும்போது பெரிய துண்டையும் வைத்துப் பாருங்கள். அந்த எல்லையைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் சுருதிக்கேற்ப அது மாறும் என்பதால் பொதுவான எண் எதையும் நம்பவேண்டாம்.

காலக் கணக்கு

காணொளி தொடர்ச்சியானதன்று, ஃபிரேம் எனப்படும் தனித்தனிப் படங்களால் ஆனது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. அதற்குள் 1,920 ஒலி மாதிரிகள் கடந்துபோகின்றன. ஆதி தாளத்தில் ஓர் அட்சரம் 0.8 விநாடி என்ற காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, எடுத்துக்கொண்டால், 25 ஃபிரேம் கணக்கில் அது சரியாக 20 ஃபிரேம். எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தம் 160 ஃபிரேம். மூன்று ஆவர்த்தம் 480 ஃபிரேம், அதாவது 19.2 விநாடி. அதே வாசிப்பை 24 ஃபிரேமில் வைத்தால் ஓர் அட்சரம் 19.2 ஃபிரேமாகிறது. அதை 19 என்று முழுதாக்கி அடுக்கிக்கொண்டே போனால், 24 அட்சரங்களின் முடிவில் கிட்டத்தட்ட 5 ஃபிரேம், அதாவது 0.2 விநாடி முந்திவிடுவோம். எனவே ஒவ்வோர் அட்சரத்தின் இடத்தையும் தொடக்கத்திலிருந்து பெருக்கிக் கண்டுபிடித்து, கடைசியில் மட்டும் முழுதாக்கவேண்டும். மனிதக் கை இயந்திரம்போல் வாசிப்பதுமில்லை. கணக்கில் கிடைத்த இடங்களில் மார்க்கர் எனப்படும் குறிகளை வைத்தபின், கேட்டுப் பார்த்து அவற்றை நகர்த்துவது கட்டாயம்.

கண்ணின் வரம்பையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு சொற்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 5 ஃபிரேம் கிடைக்கிறது. ஒரு வடிவம் தோன்றித் தணிய அது போதும். வேகம் இரட்டித்து அட்சரத்துக்கு எட்டுச் சொற்கள் வரும்போது ஒன்றுக்கு 2.5 ஃபிரேம்தான். அப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அசைவு கொடுத்தால் படம் நடுங்குவதாகவே தோன்றும். வேகமான இடங்களில் சொற்களைத் தனித்தனியே காட்டாமல், நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ சேர்த்து, ஒரே வீச்சில் விரியும் கோடாகக் காட்டுங்கள். காதும் அங்கே சொற்களை எண்ணுவதில்லை, ஓட்டத்தைத்தான் பிடிக்கிறது.

எதற்கு எதை ஒதுக்குவது

இனி வடிவங்களைத் தீர்மானிக்கலாம். ஒலியின் ஒரு பண்புக்குப் படத்தின் ஒரு பண்பு என்ற கட்டுப்பாட்டோடு தொடங்குங்கள். தொப்பியின் வீச்சு ஒரு வட்டத்தின் அளவை மாற்றட்டும். வலந்தலையின் வீச்சு கூர்முனைகள் கொண்ட ஒரு வடிவத்தை நீட்டட்டும். ஆவர்த்தத்தின் ஓட்டம் வடிவங்கள் திரையில் இருக்கும் இடத்தை முடிவு செய்யட்டும். அதே வீச்சைக் கொண்டு அளவு, நிறம், சுழற்சி, ஒளிர்வு ஆகிய நான்கையும் ஆட்டினால், பார்ப்பவருக்கு எது எதைச் சொல்கிறது என்பது ஒருபோதும் புலப்படாது.

தடித்த ஒலிக்கு வட்டமும் வெடிப்பான ஒலிக்குக் கூர்முனையும் தருவது வெறும் பழக்கம் அன்று. வளைந்த உருவம் ஒன்றையும் கூரிய உருவம் ஒன்றையும் காட்டி, ‘பூபா’ எது, ‘கிகி’ எது என்று கேட்கும் சோதனையை வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001இல் விவரித்தார்கள். அமெரிக்க மாணவர்களும் இந்தியாவில் தமிழ் பேசுபவர்களும் மிகப் பெரும்பான்மையாக வளைந்ததைப் பூபா என்றும் கூரியதைக் கிகி என்றும் சொன்னார்கள். நிறத்தைப் பற்றி அப்படி உறுதியாக எதுவும் சொல்லமுடியாது. இந்தச் சுரத்துக்கு இந்த நிறம் என்ற பட்டியல்களை நம்பாமல், வடிவமே செய்தியைத் தாங்கும்படி அமைத்து, நிறத்தை மனநிலைக்கு விட்டுவிடுங்கள்.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வட்டத்தின் ஆரத்தை வீச்சுக்கு நேரடியாகக் கட்டினால், வீச்சு இரண்டு மடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காகும். மெல்லிய அடிகள் கண்ணுக்கே தெரியாமல் போகும். காதோ வீச்சு இருமடங்கானாலும், அதாவது 6 டெசிபல் கூடினாலும், ஒலி இருமடங்கானதாக உணர்வதில்லை. அந்த உணர்வுக்கு ஏறத்தாழ 10 டெசிபல் தேவைப்படுகிறது. ஆகவே வீச்சின் வர்க்கமூலத்தை எடுத்து அதை ஆரத்துக்குக் கொடுங்கள். 0.04 என்ற மெல்லிய வீச்சு 0.2 ஆக எழும்பித் தெரியும், 0.81 என்பது 0.9 என்ற அளவில் அடங்கும். இந்த ஒரு சிறு மாற்றத்தால் விரல் நுனியின் நளினமான அடிகள் திரையில் உயிர்பெறுவதை நீங்களே காண்பீர்கள்.

எழுச்சியும் தணிவும்

பிளெண்டரில் எம்ப்டி என்ற வெற்றுப் பொருள் ஒன்றைச் சேர்த்து, அதன் உயர இருப்புக்கு ஒரு கீஃபிரேம், அதாவது அந்த ஃபிரேமில் அதன் நிலையைப் பதியும் குறி, வையுங்கள். ஓட்டக் குறியை ஒலி தொடங்கும் ஃபிரேமுக்குக் கொண்டுவாருங்கள், ஏனெனில் அந்த இடத்திலிருந்துதான் பதிவு தொடங்கும். பிறகு கிராஃப் எடிட்டரில், முந்தைய பதிப்புகளில் ‘பேக் சவுண்ட் டு எஃப்-கர்வ்ஸ்’ என்றும் அண்மைப் பதிப்புகளில் ‘சவுண்ட் டு சாம்பிள்ஸ்’ என்றும் பெயர் கொண்ட கட்டளையைக் கொடுத்து, ஒலிக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். உயர்ந்தபட்ச அதிர்வெண் என்ற இடத்தில் தொப்பிக்கென நீங்கள் குறித்துவைத்த எல்லையை இடவேண்டும். வலந்தலைக்கு இன்னோர் எம்ப்டி வைத்து, அதே எண்ணைக் குறைந்தபட்ச அதிர்வெண்ணாக இடுங்கள். இந்த வடிப்பி கத்தியால் வெட்டியதுபோல் பிரிக்காது. வலந்தலை ஒலி சிறிது தொப்பியின் பக்கம் கசியும். திரெஷோல்டு என்ற அளவைச் சற்றே உயர்த்தினால் அந்தக் கசிவு அடங்கும். வடிவங்களை இந்த எம்ப்டிகளோடு, ஒன்றின் மதிப்பால் மற்றொன்றை இயக்கும் டிரைவர் மூலம் இணைத்து, வர்க்கமூலக் கணக்கை அந்த டிரைவரிலேயே எழுதிவிடலாம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘கன்வர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ்’ என்ற கட்டளை இடது, வலது, இரண்டும் சேர்ந்தது என மூன்று வீச்சு அளவுகளைத் தருமேயன்றி அதிர்வெண்களைப் பிரித்துத் தராது. அங்கே வேலை செய்பவர்கள் ஆடாசிட்டியிலேயே கோப்பை இரண்டாக வடித்து, தனித்தனியே கொண்டுவந்து மாற்றவேண்டும்.

இப்போது ஓட்டிப் பார்த்தால், எல்லாம் சரியாக அசைந்தும் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றலாம். காரணம் பெரும்பாலும் தணிவுதான். பிளெண்டரின் அந்தப் பெட்டியில் அட்டாக் என்பது வரைகோடு மேலேறும் நேரம். ரிலீஸ் என்பது அது கீழிறங்கும் நேரம். அவை முதலில் 0.005 என்றும் 0.2 விநாடி என்றும் இருக்கும். அட்டாக்கைத் தொடவேண்டாம்: தோலில் விரல் விழுந்த கணமே ஒலி எழுவதுபோல், வடிவமும் தயக்கமின்றி எழவேண்டும். ரிலீஸைத்தான் ஒலிக்கு ஒலி மாற்றிப் பார்க்கவேண்டும். 0.2 விநாடி என்பது 5 ஃபிரேம். வலந்தலையின் மூடிய சொற்களுக்கு அதுவே அதிகம், 0.1 போதும். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கிக்கு 0.5 விநாடிவரை தரலாம். வட்டம் மெதுவாகச் சுருங்குவதைப் பார்க்கும்போது அந்த நாதத்தின் வளைவு கண்ணிலும் கேட்கும். எழுவதும் விழுவதும் ஒரே வேகத்தில் இருந்தால் படம் துடிக்குமே தவிர ஒலிக்காது. நான் ஒரு பதிவுக்கு மாலை முழுவதும் இந்த ஒரே எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் வீணானதாக ஒருபோதும் தோன்றியதில்லை.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு கவனம் தேவை. கணினியால் வேகமாக வரைய முடியாதபோது படம் ஒலிக்குப் பின்தங்கும். பிளேபேக் அமைப்பில் ஒலியோடு இசைந்து ஓடும் தெரிவை வையுங்கள். புளூடூத் காதணியில் ஒலி தாமதித்து வருவதால், பொருத்தம் பார்க்கும் வேளையில் கம்பியுள்ள காதணியே வேண்டும்.

கையால் வைக்கவேண்டியவை

இதுவரை செய்தது கணினி அளந்தது. இனி காகிதத்தை எடுங்கள். ஆவர்த்தத்தின் எட்டு அட்சரங்களையும் ஒரு வட்டத்தின் மீது எட்டு இடங்களாக அமைத்து, சமத்தை உச்சியில் வைக்கலாம். தீர்மானத்தில் ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும்போது, ஒரே வடிவக் கூட்டத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சமத்துக்கு அருகே நகர்த்தி வையுங்கள். இதற்கான கீஃபிரேம்களை மார்க்கர்களைப் பார்த்து நீங்களே இடவேண்டும். கார்வையில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அங்கே திரை வெறுமையாக இருக்கிறதே என்று துகள்களையோ மினுமினுப்பையோ தூவத் தோன்றும், தூவவேண்டாம். கார்வை வெற்றிடம் அன்று, எண்ணப்படும் காலம். வட்டத்தின் மீது ஒரு மெல்லிய புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தால், பார்ப்பவரும் உங்களோடு சேர்ந்து எண்ணுவார்.

கனடாவில் நார்மன் மெக்லாரன் 1971இல் முடித்த ஒரு குறும்படத்தில், படச்சுருளின் ஒலித்தடத்தில் உள்ள கோடுகளே திரையில் படமாகத் தெரிகின்றன. ஒலியும் உருவமும் அங்கே ஒன்றேதான். அப்படியிருந்தும் அந்தக் கோடுகளை எத்தனை பத்திகளாகப் பிரிப்பது, எங்கே நிறத்தை மாற்றுவது என்பவற்றை அவரே தீர்மானித்தார். தரவு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்தத் தீர்மானங்களை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

ஒரு ஃபிரேம் முன்னும் பின்னும் நகர்த்துவதில் ஐயம் வந்தால், படத்தை முந்தவிடுங்கள். திருவிழாவில் தொலைவில் வெடிக்கும் அதிர்வேட்டின் ஒளி முதலில் தெரிந்து, ஓசை பின்னால் வருவது நமக்குப் பழக்கம். ஓசை முந்துவது இயற்கையில் நிகழாதது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையும், ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுகொள்ளப்படும் என்றும், பிந்தினால் 125 மில்லி விநாடிக்குப் பிறகே அது தெரியவரும் என்றும் கணக்கிடுகிறது.

முழுத்திரையும் பளிச்சிடும் விளைவை அடிகளோடு கட்டுவது ஆபத்தானது. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சிறுவர் தொடர் ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால், 600க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக்கூடாது என்பது இணைய அணுகல் நெறிகளில் உள்ள வரம்பு. மிருதங்கத்தின் மேல்காலம் விநாடிக்குப் பத்துச் சொற்களை எளிதில் தொடும் என்பதால், ஒளிர்வை அடிகளோடு கட்டவே வேண்டாம்.

சோதனையும் வெளியீடும்

முடித்ததும் முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மிருதங்கமோ வாய்ப்பாட்டோ பயிலும் ஒருவரை அருகில் அமர்த்தி, படத்தை மட்டும் பார்த்துத் தாளம் போடச் சொல்லுங்கள். அவர் சமத்தைப் பிடித்துவிட்டால் அடிப்படை சரியாக அமைந்துவிட்டது. தீர்மானம் வருவதை முன்கூட்டியே உணர்ந்தால் இன்னும் நன்று. தடுமாறினால், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு, அங்கே அசையும் ஏதேனும் ஒன்றை நீக்குங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்து இந்தக் குறையைத் தீர்க்கமுடிந்ததாக எனக்கு நினைவில்லை.

வெளியிடும்போது ஃபிரேம் வேகத்தை மாற்றாமல், தொடங்கிய 25லேயே ஏற்றுமதி செய்யுங்கள். மெல்லிய கோடுகளும் நுண்துகள்களும் காணொளிச் சுருக்கத்தில் முதலில் சிதைபவை; கோட்டின் தடிமனைக் கூட்டிவைப்பது பாதுகாப்பு. கடைசியாக, கைப்பேசியில், அதன் சொந்த ஒலிபெருக்கியில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும். அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் தொப்பியின் அடி அதிர்வெண்களை எழுப்ப இயலாது. வட்டம் விரிய, ஒலி கேட்காமல் போகும். அப்படியானால் ஆடாசிட்டிக்குத் திரும்பி, தொப்பியின் மேற்சுரங்கள் நிற்கும் பகுதியைச் சில டெசிபல் உயர்த்தி, அந்த ஒலிக் கோப்பை மட்டும் காணொளியில் மாற்றிவிடுங்கள். படத்தை மீண்டும் ரெண்டர் செய்யவேண்டிய தேவை இருக்காது.